கிரில்லில் சுட்ட பழ சல்சா: அறிகுறியைப் பார்த்துப் பிழையைத் திருத்தும் வழிமுறை

பழ சல்சாவில் (நறுக்கிய பழத்தை மிளகாய், வெங்காயம், எலுமிச்சையோடு கலந்து தொட்டுக்கொள்ளும் பண்டம்) வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை கிண்ணத்தில் கலக்கும்போது உண்டாவதில்லை. நெருப்பில் வைக்கும்போது பழத்தின் மேல் எவ்வளவு ஈரம் இருந்தது, எடுத்த பிறகு எவ்வளவு நேரம் ஆறியது, இந்த இரண்டு இடங்களில்தான் பாதிக்கு மேற்பட்ட பிழைகள் தொடங்குகின்றன. அதனால் எலுமிச்சை பிழிவதா, உப்பு கூட்டுவதா என்று கிண்ணத்தோடு மல்லுக்கட்டுவதற்கு முன், உங்கள் சல்சாவில் தெரியும் அறிகுறியைக் கீழே தேடிப் பிடியுங்கள். காரணம் தெரிந்துவிட்டால், கையில் இருப்பதை மீட்கலாம். அடுத்த முறை அது வராமலும் பார்த்துக்கொள்ளலாம்.

## ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு

சரியான அளவு ஒன்று முன்னால் இருந்தால்தான் எது தவறியது என்று சொல்ல முடியும். ஆறு பேருக்குத் தொட்டுக்கொள்ளப் போதுமான அளவு இது:

- அன்னாசி: தோலும் நடுத்தண்டும் நீக்கியபின் 400 கிராம், 1½ செ.மீ. கனமான வில்லைகளாக
- மாம்பழம்: 300 கிராம் சதை (நடுத்தர அளவில் 2), விரலால் அழுத்தினால் லேசாக மட்டும் நெகிழ்பவை
- சிவப்புக் குடைமிளகாய்: 1
- சிவப்பு வெங்காயம்: சிறியது 1, சுமார் 80 கிராம்
- பச்சை மிளகாய் அல்லது ஹாலப்பீனோ: 2
- எலுமிச்சைச் சாறு: 2 மேசைக்கரண்டி (30 மி.லி.)
- நைசான உப்பு: ½ தேக்கரண்டியில் தொடங்கி, ருசி பார்த்து ¾ வரை
- கொத்தமல்லித் தழை: ஒரு கைப்பிடி
- வாசனையில்லாத எண்ணெய்: 1 மேசைக்கரண்டி, பழத்தின் மேல் தடவ மட்டும்

வரிசையும் அளவைப் போலவே முக்கியம். பழத்தைப் பெரிய துண்டாகவே சுட வேண்டும். சுட்டு ஆறியபின் 1 செ.மீ. சதுரமாக நறுக்க வேண்டும். முதலில் நறுக்கிவிட்டுச் சுட்டால் பாதி கம்பி வழியே விழும், மீதி அவிந்துபோகும். நறுக்கிய பழத்தோடு மிளகாய், வெங்காயம், எலுமிச்சைச் சாறு சேர்த்துப் புரட்டுங்கள். உப்பும் கொத்தமல்லியும் பரிமாறுவதற்கு 15 நிமிடம் முன்னால் போதும்.

## கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்குகிறது

அதிகம் கேட்கும் புகார் இதுதான். அன்னாசியில் ஏறக்குறைய 86 விழுக்காடு தண்ணீர். மாம்பழத்தில் 83, பீச்சில் 89, தர்பூசணியில் 92. செல்களின் சுவர் உடையாதவரை அந்தத் தண்ணீர் பழத்துக்குள்ளேயே இருக்கும். சூடு சுவரைத் தளர்த்துகிறது, கத்தி அதை வெட்டுகிறது, உப்பு உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. மூன்றும் அடுத்தடுத்து நடந்தால் பத்தே நிமிடத்தில் கிண்ணத்தில் குளம் கட்டிவிடும்.

எதனால் வந்தது என்பதைத் தேங்கிய சாறே காட்டிக்கொடுக்கும். ஒரு கரண்டி எடுத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், பழம் ஆறும் முன்பே நறுக்கிக் கலந்திருக்கிறீர்கள். கலங்கலாக, நாரும் கூழும் மிதந்தால், பழம் அளவுக்கு மீறிக் கனிந்தது, அல்லது கத்தி மழுங்கியது. மழுங்கிய கத்தி பழத்தை வெட்டாது, நசுக்கும். தெளிவாக இருந்து உப்பு தூக்கலாகத் தெரிந்தால், உப்பைச் சீக்கிரமே போட்டதுதான் காரணம். தெளிவாக, சப்பென்று இருந்தால் அது பழச்சாறே இல்லை. அலசிய கொத்தமல்லியிலும் வெங்காயத்திலும் தங்கிய தண்ணீர்.

கையில் இருப்பதை மீட்க: சல்சாவை வடிகட்டியில் கொட்டி ஐந்து நிமிடம் தானாக வடிய விடுங்கள். கரண்டியால் அழுத்த வேண்டாம், அழுத்தினால் இன்னும் விடும். வடிந்த சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். புளிப்பும் சுட்ட வாசமும் அதில்தான் இருக்கின்றன. சிறிய வாணலியில் ஊற்றி, 2 மேசைக்கரண்டி அளவுக்குச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு, நன்றாக ஆறவைத்து, ருசி பார்த்துத் திருப்பிச் சேருங்கள். சுண்டும்போது உப்பும் செறிவாகும் என்பதால் ஒரேயடியாக ஊற்றாமல் பாதி பாதியாகச் சேர்ப்பது நல்லது. அடுப்பு பற்றவைக்க நேரமில்லை என்றால், நறுக்கிய பழத்தில் கால் பங்கை முள்கரண்டியால் மசித்துக் கலந்துவிடுங்கள். அந்தக் கூழ் சாற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சோளமாவு கரைத்துக் கெட்டியாக்கும் யோசனை வேண்டாம். பார்வைக்குக் கெட்டிப்படும், வாயில் கொழகொழக்கும்.

அடுத்த முறைக்கு: சுட்ட பழத்தைத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், மூடியும் வைக்காதீர்கள். அடியில் இருக்கும் துண்டு மேலே இருப்பதன் ஆவியில் தொடர்ந்து வெந்துகொண்டே இருக்கும். காற்று புகும் கம்பித் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, 15 முதல் 20 நிமிடம் ஆற விடுங்கள். தொட்டால் சூடே தெரியாத நிலையில்தான் கத்தியை எடுக்க வேண்டும். தர்பூசணி பயன்படுத்துகிறீர்களா? அதற்கு மட்டும் விதி தலைகீழ். 2½ செ.மீ. கனத்தில் வெட்டி, இருபுறமும் சிட்டிகை உப்பு தூவி, 20 நிமிடம் சாய்வாக வைத்து நீரை முன்பே வடித்துவிட்டு, நன்றாகத் துடைத்துச் சுடுங்கள். கடைசியில் போடும் உப்பை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

## பழம் கம்பியில் ஒட்டிப் பிய்கிறது

நான்கு காரணங்கள் இருக்கலாம்: கம்பி சூடேறவில்லை, கம்பியில் பழைய அழுக்கு இருக்கிறது, பழம் ஈரமாக இருக்கிறது, அவசரப்பட்டுத் திருப்பினீர்கள். பெரும்பாலும் கடைசிக் காரணம்தான். பழத்தின் மேற்பரப்பு காய்ந்து, சர்க்கரை பழுப்பேறி, மெல்லிய ஓடு போலக் கட்டும்வரை அது கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஓடு கட்டியதும் தானாக விடும். அதற்கு முன்பு இழுத்தால் பழத்தின் முகம் கம்பியிலேயே தங்கிவிடும்.

அன்னாசி வில்லையை வைத்தபின் முழுதாக 2 நிமிடம் தொடவே கூடாது. பிறகு இடுக்கியால் ஓரத்தை மட்டும் லேசாகத் தூக்கிப் பாருங்கள். எதிர்ப்பு இருந்தால் விட்டுவிட்டு இன்னும் 30 நொடி பொறுங்கள். அப்போதும் விடவில்லை என்றால் தணல் போதவில்லை. பழத்தோடு போராடாமல் நெருப்பைக் கவனியுங்கள்.

கேஸ் கிரில்லை மூடிவைத்து 10 முதல் 15 நிமிடம் காயவிட வேண்டும். கரி கிரில்லில் கங்குகள் எல்லாம் சாம்பல் பூத்தபின் கம்பித் தட்டை வைத்து, அது காய்வதற்கு மேலும் 5 நிமிடம் கொடுங்கள். சூடான கம்பியைத் தேய்த்தால்தான் அழுக்கு உதிரும். உலோகக் கம்பி பிரஷ் என்றால், தேய்த்தபின் மடித்த ஈரத்துணியை இடுக்கியில் பிடித்து ஒருமுறை துடைத்துவிடுங்கள். பிரஷ்ஷிலிருந்து உதிரும் மெல்லிய கம்பித்துண்டு பழத்தில் ஒட்டி வயிற்றுக்குள் போவது ஆபத்து. முடி உதிரும் பிரஷ்ஷை அன்றே தூக்கி எறியலாம்.

எண்ணெயைப் பழத்தில் தடவுங்கள், அதுவும் பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும். அதற்கு முன் சுத்தமான துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள். ஈரத்தின் மேல் தடவிய எண்ணெய் வழிந்து கீழே போய்த் தீயைத்தான் எழுப்பும். எரியும் கிரில் மேல் ஸ்பிரே டப்பாவை அழுத்துவது கூடவே கூடாது, தீ டப்பாவை நோக்கித் தாவும். சுடுவதற்கு முன்பே தேன் தடவுவது, சர்க்கரை தூவுவது ஆகியவையும் ஒட்டுவதற்கு வழி. இனிப்புப் பூச்சு வேண்டுமென்றால் கடைசி 30 நொடியில் தடவுங்கள்.

இப்போது ஒட்டிக்கொண்டதை எடுக்க மெல்லிய தோசைத் திருப்பியைக் கம்பி ஓடும் திசையிலேயே நுழைத்துத் தள்ளுங்கள். பிய்ந்த துண்டு வீணில்லை. எப்படியும் நறுக்கப்போகிறோம்.

## கோடு விழவில்லை, பழம் அவிந்த மாதிரி வெளிறிக் கிடக்கிறது

தண்ணீர் இருக்கும்வரை பழத்தின் மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. பழுப்பேற அதைவிட மிக அதிகமான சூடு வேண்டும். ஈரம் காய்வதற்குள் உள்ளே வெந்துவிட்டால், பழம் சுடப்படுவதற்குப் பதில் ஆவியில் அவிகிறது.

உள்ளங்கையைக் கம்பிக்கு மேல் 12 செ.மீ. உயரத்தில் பிடித்துப் பாருங்கள். 4 நொடி தாங்க முடிந்தால் சல்சாவுக்கு ஏற்ற தணல். 2 நொடிக்குள் கையை இழுத்துக்கொண்டால் அதிகம். 8 நொடி தாண்டியும் சுகமாக இருந்தால், இன்னும் கரி போட வேண்டும். வெப்பமானி இருந்தால் 200 முதல் 230 டிகிரி.

சூடு சரியாக இருந்தும் கோடு விழாவிட்டால், துண்டுகளை நெருக்கமாக அடுக்கியிருப்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், ஆவி வெளியேற வழி வேண்டும். மெல்லிய வில்லைகளைச் சுடும்போது மூடியைத் திறந்தே வையுங்கள். இரண்டாகப் பிளந்த பீச் போன்ற கனமான துண்டுக்கு மட்டும் மூடி உதவும். இன்னொன்று: மெல்லிய எஃகுக் கம்பியைவிடக் கனமான வார்ப்பிரும்புக் கம்பி சூட்டைச் சேமித்து வைத்திருப்பதால் குளிர்ந்த பழம் பட்டாலும் சட்டென்று ஆறாது. பழத்தைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் வைக்காமல் அரைமணி நேரம் வெளியே வைப்பதும் அதே காரணத்துக்காகத்தான்.

வெளிறிய பழத்தை மறுபடியும் கிரில்லில் போட்டு நேரத்தைக் கூட்டினால் குழைந்துவிடும். துடைத்து, நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் ஒரு பக்கம் மட்டும் ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். கோடு இருக்காது, சுட்ட வாசம் வந்துவிடும். சல்சாவுக்கு வேண்டியது வாசம்தான்.

## வெளியே கரி, உள்ளே பச்சை, வாயில் கசப்பு

பழுப்பு வேறு, கரி வேறு. தேன்நிறத்திலிருந்து அடர்பழுப்பு வரை இனிப்பும் நறுமணமும் ஏறிக்கொண்டே போகும். கறுப்பைத் தொட்டதும் கசப்பு தொடங்கும். கம்பிக்கோடு மட்டும் கறுத்திருந்தால் கவலையில்லை. முகம் முழுக்கக் கறுத்திருந்தால் கத்தியால் மெல்லச் சீவி எடுத்துவிட்டு மீதியைப் பயன்படுத்துங்கள். கரியை மறைக்கச் சர்க்கரை சேர்த்தால் கசப்பு போகாது, இரண்டும் தனித்தனியே தெரியும்.

வராமல் தடுக்க, கிரில்லை இரண்டு பகுதியாகப் பிரியுங்கள். கரியை ஒரு பக்கமாகக் குவித்து மறுபக்கத்தை வெறுமையாக விடுங்கள். கேஸ் என்றால் ஒரு பக்கத்து பர்னரை அணைத்துவிடுங்கள். சூடான பக்கத்தில் நிறம் வாங்கி, சூடு குறைந்த பக்கத்தில் உள்ளே வேகவிடலாம். தீ எழும்பினாலும் பழத்தை நகர்த்த ஓர் இடம் இருக்கும்.

இந்தத் தணலில் எவ்வளவு நேரம் என்பது பழத்துக்குப் பழம் மாறும். அன்னாசி வில்லை பக்கத்துக்கு 3 நிமிடம். மாம்பழத்தைக் கொட்டையின் இரு பக்கமும் தோலோடு பெரிய கன்னமாக வெட்டி, சதைப் பக்கத்தை மட்டும் 2 முதல் 3 நிமிடம். தோல் பக்கம் சுட வேண்டியதில்லை. பிளந்த பீச் வெட்டிய பக்கம் 4 நிமிடம், தோல் பக்கம் 2. பிறகு தோல் தானாகக் கழன்று வரும். தர்பூசணி இன்னும் அதிகத் தணலில் பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம். குச்சியில் கோத்த ஸ்ட்ராபெரிக்கு மொத்தமே 2 நிமிடம். மரக்குச்சியை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

## பழம் குழைந்து கம்பிக்கு இடையில் விழுகிறது

சுடுவதற்கான பதம் வேறு, அப்படியே உரித்துச் சாப்பிடுவதற்கான பதம் வேறு. மாம்பழமும் பப்பாளியும் செங்காய்ப் பதம் தாண்டி, வாசம் வந்து, ஆனால் இன்னும் விறைப்பாக இருக்கும்போது எடுக்க வேண்டும். காம்பருகே அழுத்தினால் பள்ளம் விழும் பழத்தைச் சுடாமல் பச்சையாகவே நறுக்கிச் சேர்த்துவிடுங்கள், அதற்கு அதுதான் மரியாதை. அன்னாசியில் அடிப்பக்கம் மணக்க வேண்டும். புளித்த நெடி வந்தால் காலம் கடந்துவிட்டது.

வில்லை 1 செ.மீ.க்குக் குறைந்தால் எந்தப் பழமும் தாங்காது. மென்மையான பழத்தைத் துளையிட்ட கிரில் தட்டிலோ இரும்புச் சட்டியிலோ வைத்துச் சுடலாம். ஆரஞ்சுச் சுளை, கிவி, புளூபெரி ஆகியவற்றுக்கு நெருப்பால் பயனில்லை, அப்படியே சேர்க்கலாம்.

## மண்ணெண்ணெய் வாசம், அல்லது தொண்டையைக் கமறும் புகைக் கசப்பு

பழம் வாசத்தை வேகமாக இழுத்துக்கொள்ளும். கரி பற்றவைக்க ஊற்றிய திரவம் முழுதாக எரிந்து தீரும் முன் பழத்தை வைத்தால் அந்த நெடி பழத்தில் ஏறிவிடும், பிறகு எதைப் பிழிந்தாலும் போகாது. அந்தத் தொகுதியை விட்டுவிடுவதே சரி. கரியைக் குழாய் வடிவ அடுப்பில் காகிதம் வைத்துப் பற்றவைத்தால் திரவமே வேண்டாம். சுமார் 15 முதல் 20 நிமிடத்தில் கங்கு தயார். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றுவது சுவைக்கும் கேடு, உயிருக்கும் கேடு. கரி கிரில்லை வீட்டுக்குள்ளோ மூடிய பால்கனியிலோ வைக்கக் கூடாது. கரியிலிருந்து வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது.

புகை வெள்ளையாக, அடர்த்தியாக வந்தால் விறகோ கரியோ சரியாக எரியவில்லை. அந்தப் புகை பழத்தில் கசப்பாகப் படியும். மெல்லிய நீலச்சாயல் வரும்வரை காத்திருங்கள், காற்றுத் திறப்புகளை நன்றாகத் திறந்து வையுங்கள். நேற்றுச் சுட்ட இறைச்சியின் கொழுப்பு கம்பியில் ஒட்டியிருந்தாலும் இதே கசப்பு வரும்.

## சல்சா ஜாம் மாதிரி ஆகிவிட்டது

எல்லாம் சரியாகச் சுட்டிருப்பீர்கள். பிழையே அங்கேதான். சூடு பழத்தின் நீரைக் குறைத்து இனிப்பைச் செறிவாக்குகிறது. பச்சைப் பழத்தின் துடிப்பான மணத்தை ஓரளவு விரட்டிவிடுகிறது. மொத்தப் பழமும் நெருப்பைப் பார்த்தால் சல்சாவில் புத்தம்புதுப் பழத்தின் சுவை மிஞ்சாது. சுட்ட பழத்தோடு சுடாத பழமும் சேரட்டும்: மூன்றில் ஒரு பங்கைப் பச்சையாகவே வையுங்கள். மேலே சொன்ன அளவில் அன்னாசி முழுவதையும் சுட்டு, மாம்பழத்தில் அரைப் பழத்தைச் சுட்டு மீதி ஒன்றரையைச் சுடாமல் சேர்த்தால் கணக்கு ஏறக்குறையச் சரியாக வரும். சுட்ட துண்டின் ஆழமும் சுடாத துண்டின் சாறும் ஒரே வாயில் வரும்போதுதான் இந்தச் சல்சா தனக்கென்று ஒரு குணத்தோடு நிற்கும்.

செய்து முடித்ததை மீட்க, பொடியாக நறுக்கிய வெள்ளரியோ புளிப்பான ஆப்பிளோ அரை கப் சேருங்கள். கூடவே எலுமிச்சை. இங்கே ஒரு நுணுக்கம்: எலுமிச்சையை இரண்டாக வெட்டிக் கம்பியில் கவிழ்த்துச் சுட்டால் சாறு தாராளமாக வரும், ஆனால் கூர்மை குறையும். ஒரு மேசைக்கரண்டி சுட்ட எலுமிச்சைச் சாறு, ஒரு மேசைக்கரண்டி பச்சைச் சாறு என்று பாதிப்பாதி வைத்தால் மணமும் புளிப்பும் இரண்டும் கிடைக்கும். பிழியும்போது தோலின் உள்வெள்ளையைத் திருகி நசுக்கினால் கசப்பு இறங்கும், கவனம்.

## எல்லாம் போட்டும் சப்பென்று இருக்கிறது

முதலில் உப்பு, பிறகு புளிப்பு. இனிப்புப் பண்டம்தானே என்று உப்பில் கை நடுங்குவதுதான் வழக்கமான காரணம். மொத்த எடையில் ஏறக்குறைய அரை விழுக்காடு உப்பு வேண்டும். 900 கிராமுக்கு 4½ கிராம், அதாவது ¾ தேக்கரண்டி நைசான உப்பு. கல்லுப்பை நுணுக்காமல் தேக்கரண்டியால் அளந்தால் எடை மாறிவிடும்.

ஒரு கரண்டி சல்சாவைத் தனியே எடுத்து, அதில் மட்டும் சிட்டிகை உப்பு போட்டுச் சுவையுங்கள். பழத்தின் ருசி முன்னுக்கு வந்தால் உப்புதான் குறை. வெறும் உப்பு மட்டும் தெரிந்தால், வேறொரு கரண்டியில் இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டுப் பாருங்கள். கிண்ணம் முழுக்கச் சோதனை செய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததுமே ருசி பார்த்தால் எந்தச் சல்சாவும் சப்பென்றுதான் தெரியும். குளிர் இனிப்பையும் மணத்தையும் அமுக்கும். 20 நிமிடம் வெளியே வைத்துவிட்டு முடிவெடுங்கள்.

## காரம் கண்ணில் நீர் வரவைக்கிறது

மிளகாயின் காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வில் இருக்கிறது. விதையைத் தட்டிவிட்டுச் சவ்வை விட்டுவைத்தால் காரம் அப்படியே இருக்கும். மிளகாயை முழுதாக, ஒரு சிறு கீறல் மட்டும் போட்டுச் சுடுங்கள். கீறாவிட்டால் ஆவி கட்டி வெடிக்கும். 6 முதல் 8 நிமிடம் திருப்பித் திருப்பித் தோல் கொப்பளிக்கும்வரை சுட்டு, கிண்ணத்தில் போட்டு 10 நிமிடம் மூடிவைத்தால் தோல் உரியும். உரித்து, பிளந்து, சவ்வைக் கத்திமுனையால் வழித்தெடுங்கள். குடைமிளகாய்க்கும் இதே முறைதான், நேரம் மட்டும் 10 முதல் 12 நிமிடம். கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

முதலில் ஒரு மிளகாயை மட்டும் கலந்து, கால்மணி நேரம் கழித்துப் பாருங்கள். காரம் சாற்றில் மெல்லப் பரவும். கலந்த உடனே அளவாக இருந்தது ஒரு மணி நேரத்தில் தூக்கலாகிவிடும். ஏற்கெனவே தூக்கலாகிவிட்டதா? காரம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பில் நன்றாகக் கரையும். அவகாடோ ஒன்றை நறுக்கிச் சேருங்கள், அல்லது பழத்தைக் கூட்டுங்கள்.

## வெங்காயம் மட்டுமே தெரிகிறது

வெங்காயத்தை வெட்டும்போது செல்கள் உடைந்து ஒரு நொதி வேலைசெய்யத் தொடங்குவதால் நெடி உண்டாகிறது. பொடியாக நறுக்கிக் குளிர்ந்த தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து அலசினால் அந்த நெடியில் பெரும்பகுதி கழுவிப் போய்விடும். அலசியபின் துணியில் கட்டிப் பிழிந்துவிட வேண்டும், இல்லையென்றால் மேலே சொன்ன குளம்தான். அல்லது 1½ செ.மீ. வளையமாக வெட்டி, வளையம் பிரியாமல் பல்குச்சி குத்தி, பக்கத்துக்கு 4 நிமிடம் சுடுங்கள், இனிப்பாகிவிடும். கலந்துவிட்ட சல்சாவில் என்றால் பழத்தைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

## சுட்ட அன்னாசியும் நாக்கை அரிக்கிறது

அன்னாசியில் உள்ள புரோமெலைன் என்ற நொதி புரதத்தைச் சிதைக்கும். நாக்கில் நமநமவென்று அரிப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். சுமார் 70 டிகிரி சூடு ஏறினால் அது செயலிழக்கும். ஆனால் கனமான வில்லையின் மேற்பரப்பு சிவந்திருந்தாலும் நடுப்பகுதி அந்தச் சூட்டை எட்டியிருக்காது. அரிப்பு வேண்டாம் என்பவர்கள் வில்லையை 1 செ.மீ. ஆக்கி, நிறம் வந்தபின் சூடு குறைந்த பக்கத்தில் மூடி போட்டு இன்னும் 3 நிமிடம் வையுங்கள். நடுத்தண்டை மிச்சம் வைக்காதீர்கள். இறால், மீன், கோழியோடு கலந்து வைக்கும் சல்சா என்றால் இது இன்னும் முக்கியம். நொதி மிச்சமிருந்தால் ஒரு மணி நேரத்தில் இறைச்சியின் மேற்பரப்பு மாவாகிவிடும்.

## கொத்தமல்லி கறுக்கிறது, அவகாடோ பழுப்பாகிறது

கொத்தமல்லி கறுப்பது பழத்தின் சூட்டினாலும் புளிப்பினாலும். பழம் ஆறியபின், கடைசியில், உலர்ந்த தழையாகப் போடுங்கள். மழுங்கிய கத்தியால் கொத்துவதும் தழையை நசுக்கிக் கறுக்க வைக்கும். அவகாடோவை வெட்டியதும் எலுமிச்சைச் சாற்றில் புரட்டிவிடுங்கள், பழுப்பேறுவது தாமதப்படும், முழுதாக நிற்காது. அலுமினியப் பாத்திரத்தில் கலந்தால் புளிப்பு பட்டு உலோகச் சுவை வரும், கண்ணாடியோ எஃகோ பயன்படுத்துங்கள்.

## மறுநாள் குழைந்து புளித்த வாசம்

கலந்த அரைமணியிலிருந்து மூன்று மணி நேரம் வரைதான் இது உச்சத்தில் இருக்கும். முன்கூட்டியே செய்ய வேண்டுமென்றால் சுட்ட பழம், மிளகாய், வெங்காயம் மூன்றையும் தனித்தனி டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்து, பரிமாறும் நேரத்தில் கலந்துகொள்ளுங்கள். கலந்த சல்சாவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக் கூடாது. 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயில் என்றால் ஒரு மணி நேரம். 4 டிகிரியில் இரண்டு நாள், அதிகபட்சம் மூன்று. நுரை கட்டினாலோ மூடியைத் திறக்கும்போது சத்தம் வந்தாலோ ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள். பச்சை இறைச்சி தொட்ட இடுக்கியாலும் பலகையாலும் பழத்தைத் தொட்டிருந்தால் எத்தனை மணி நேரம் என்ற கணக்கே பொருந்தாது, அதையும் கொட்ட வேண்டியதுதான்.

ஊறுகாய் போலப் பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்கும் எண்ணம் மட்டும் வேண்டாம். அறை வெப்பத்தில் மூடிய பாட்டில் பாதுகாப்பாக இருக்க புளிப்பை அளக்கும் pH எண் 4.6-க்குக் கீழே இருக்க வேண்டும் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்). நன்கு கனிந்த மாம்பழம் அதைத் தாண்டலாம். பப்பாளியும் தர்பூசணியும் தாண்டியே இருக்கும், வெங்காயமும் மிளகாயும் அப்படித்தான். கண்ணளவில் பிழிந்த எலுமிச்சை அதை ஈடுகட்டும் என்று நம்ப முடியாது. புளிப்பு போதாத மூடிய பாட்டிலில் வளரும் பாக்டீரியா உண்டாக்கும், உயிருக்கே ஆபத்தான போட்டுலினம் நச்சுக்கு வாசமோ நிறமோ கிடையாது. மிஞ்சியதை உறையவைத்தால் மூன்று மாதம் கெடாது. ஆனால் உறையும்போது செல்சுவர் உடைந்து, பனி விலகியதும் கூழாகிவிடும் என்பதால், அதைத் தொட்டுக்கொள்ள எடுக்காமல், வாணலியில் சுண்டவைத்துச் சுட்ட மீனுக்கோ கோழிக்கோ மேலே தடவும் சாஸாகப் பயன்படுத்துங்கள்.